பிரசங்க பீடத்துக்கு ஒரு வேட்பாளர்

ஆலயச் சபையின் மூத்த பொறுப்பாளரான மூப்பருக்கு ‘ஜெனரேட்டர்’ என்று ஒரு பட்டப்பெயர். கமிட்டிக் கூட்டத்தில் பேச்சு எப்போது மங்கினாலும் அவர் குரல் தானாக ஓட ஆரம்பித்துவிடும். பெயர் வைத்தவர்கள் அவர் காதுபடவே அதைச் சொல்வார்கள். அவரும் சளைக்காமல், “கரண்ட் போனாத்தான் ஜெனரேட்டருக்கு வேலை. நீங்கல்லாம் பிரகாசமா எரிஞ்சா நான் ஏன் சத்தம் போடப்போறேன்?” என்று திருப்பிக் கொடுப்பார்.

அந்த ஞாயிறு ஆராதனைக்குப் பின் கமிட்டி கூடியபோதும் அவர்தான் பேச்சை எடுத்தார். தேர்தல் நெருங்கியிருந்தது. ஆலயத்தை ஒட்டிப் போகும் சாலையை அகலப்படுத்தப் போகிறார்கள் என்ற பேச்சும் பலமாக அடிபட்டது. அளக்க வந்தவர்கள் ஆலயத்தின் பக்கச் சுவரிலும், ஞாயிறு பள்ளி நடக்கும் அறையின் ஓரத்திலும் சிவப்புப் பெயிண்டால் கோடு இழுத்துவிட்டுப் போயிருந்தார்கள்.

“நமக்குன்னு பேச ஒரு ஆள் வேணும்,” என்றார் மூப்பர். “நமக்கு வேண்டிய வேட்பாளர் ஒருத்தர் நிக்கிறார். சுவரைக் காப்பாத்தித் தர்றேன்னு என்கிட்டயே வாக்கு குடுத்திருக்கார். தேர்தலுக்கு முந்தின ஞாயிறு, பிரசங்கத்துக்கு முன்னாடி பீடத்துல நின்னு நாலு வார்த்தை பேசட்டும். என்ன சொல்றீங்க?”

போதகர் பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். பொருளாளர் தலையாட்டினார். பக்கத்தில் இருந்தவரும் ஆட்டினார். கடைசி நாற்காலியில் உட்கார்ந்திருந்த நர்ஸின் தலையும் சேர்ந்து ஆடியது.

அவள் கமிட்டிக்குப் புதியவள். அரசு மருத்துவமனையில், சிறுநீரகம் கெட்டவர்களுக்கு ரத்தம் சுத்திகரிக்கும் டயாலிசிஸ் பிரிவில் மூத்த நர்ஸ். அந்த வேட்பாளரை அவளுக்கு நேரில் தெரியாது. ஆனால் தங்கள் பிரிவுக்குக் கூடுதல் இயந்திரங்கள் வேண்டும் என்று சட்டமன்றத்தில் விடாமல் கேட்டு வாங்கித் தந்தவர் அவர்தான் என்பது தெரியும். அவர் படம் போட்ட நோட்டீஸை அவளே தன் வீட்டு வாசல் கதவில் ஒட்டியிருந்தாள். இரவுச் சாப்பாட்டுக்குப் பின் ஜெபிக்கும்போது, அவர் ஜெயிக்க வேண்டும் என்றும் ஒரு வரி சேர்த்துக்கொள்வாள். அப்படிப்பட்டவர் ஆலயத்துக்கு வருகிறார் என்றால் அவளுக்கு என்ன கசக்கவா போகிறது?

மறுநாள் மூப்பர் டயாலிசிஸுக்கு வந்தார். வாரத்தில் மூன்று நாள் அவர் அவளுடைய நோயாளி. இடது கையை நீட்டி வைத்து, இரண்டு ஊசிகளையும் அவள் ஏற்றி முடிக்கும்வரை கண்ணை மூடிக்கொள்வார். அதன் பிறகு இயந்திரம் ஓட ஓட அவர் வாயும் ஓடும். அன்று வேட்பாளரின் வருகையைப் பற்றி அறை முழுக்கக் கேட்கும்படி சொல்லிக்கொண்டிருந்தார்.

அடுத்த நாற்காலியில் ஒரு டாக்சி ஓட்டுநர் படுத்திருந்தார். எதிர்க்கட்சிக்காரர்; அதை ஒளிக்கிறவர் அல்ல.

“ஏன் சிஸ்டர், உங்க சாமியும் அவங்க கட்சியில சேர்ந்துட்டாரா?” என்று அவளைப் பார்த்துக் கேட்டார்.

“எங்க சாமிக்கு நல்லவங்க யாரு, கெட்டவங்க யாருன்னு தெரியும்,” என்று மூப்பர் முந்திக்கொண்டார்.

“சரிண்ணே, நான் கெட்டவன்தான். கெட்டவனுக்கும் இதே மெஷினைத்தானே மாட்டியிருக்காங்க?”

அறையே சிரித்தது. மூப்பரும் சிரித்தார். அவளும் சிரித்துக்கொண்டேதான் கை கழுவப் போனாள். ஆனால் சோப்பு நுரை போன பிறகும் அந்தப் பேச்சு போகவில்லை. இத்தனை வருஷத்தில் ஒரு நோயாளியிடமும் நீ யாருக்கு ஓட்டுப் போடுவாய் என்று கேட்டுவிட்டு அவள் ஊசி ஏற்றியதில்லை. கேட்கலாம் என்ற நினைப்புகூட வந்ததில்லை.

செவ்வாய்க்கிழமை மாலை பாடகர் குழுப் பயிற்சி. ஆர்கன் வாசிப்பவர் ஒரு பள்ளி ஆசிரியை. எல்லாருக்கும் ஆர்கன் டீச்சர். பயிற்சி முடிந்து ஆர்கனுக்கு உறை போட்டுக்கொண்டே அவர் சொன்னார்: “வர்ற ஞாயிறு வாசிக்கிறேன். அதுக்கு அடுத்த ஞாயிறு வேற யாரையாவது பாத்துக்கோங்க.”

“ஏன் டீச்சர், உடம்பு சரியில்லையா?” என்று கேட்டாள் நர்ஸ்.

“உடம்புக்கென்ன, குத்துக்கல்லாட்டம் இருக்கு.” டீச்சர் உறையின் சுருக்கத்தை நீவிவிட்டார். “என் தம்பி அந்தப் பக்கம் வீடு வீடா ஏறி ஓட்டு கேக்குறான். நானும் அந்தப் பக்கம்தான். இத்தனை வருஷம் நான் வாசிச்சதுக்கு நீங்க யாரும் கட்சி கேக்கல. பாடினவங்ககிட்ட நானும் கேக்கல. இப்ப அவர் பீடத்துல ஏறி நின்னா, நான் கீழ உக்காந்து அவருக்கு மேளம் தட்டின மாதிரி ஆயிடும்.”

“கமிட்டியில யார்கிட்டயாவது இதைச் சொன்னீங்களா?”

“யாரு என்னைக் கேட்டா?”

கோபமாகக்கூட அவர் சொல்லவில்லை. ஜன்னலைச் சாத்திவிட்டு, விளக்கை அணைத்துவிட்டுப் போய்விட்டார்.

அன்று இரவு வீட்டில் சாப்பிட்டுக்கொண்டே அவள் விஷயத்தை எடுத்தாள். கணவன் வாஷிங் மெஷின் பழுது பார்ப்பவன். யாருடைய வீட்டிலோ கழற்றிக் கொண்டுவந்த மோட்டாரைச் சாப்பாட்டு மேஜையின் மறுகோடியில் பரப்பி வைத்திருந்தான். விஷயம் முழுவதையும் கேட்டான்.

“ஞாயித்துக்கிழமை தலையை ஆட்டிட்டு வந்து, செவ்வாய்க்கிழமை தலையைச் சொறிஞ்சா எப்படி? அவர் உன் ஆளுதானே?”

“அதுதான் எனக்கே பயமா இருக்கு. எனக்குப் பிடிக்காத ஆளைக் கூப்பிட்டிருந்தா அங்கயே எந்திரிச்சு, இது என்ன கோயிலா, கட்சி ஆபீசான்னு கேட்டிருப்பேன். பிடிச்ச ஆளுன்னதும் வாய் அடைச்சுப்போச்சு.”

“என்கிட்ட மட்டும் ஒரு நாளும் அடைக்கிறதில்லையே,” என்றான் கணவன். பிறகு அவள் முகத்தைப் பார்த்து, ஸ்குரூ டிரைவரைக் கீழே வைத்தான். “சரி, விடு. இன்னும் காலம் கடந்துடல. போய்ச் சொல்லு.”

ஜெபிக்க உட்கார்ந்தவளுக்கு அந்த வழக்கமான வரி வரவில்லை. அதே நேரத்தில் இரண்டு தெரு தள்ளி ஆர்கன் டீச்சரும் கண்ணை மூடி, அந்த வேட்பாளர் தோற்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருக்கலாம். ஒரே ஆண்டவருக்கு ஒரே ஊரிலிருந்து இரண்டு மனு. இருவருமே மனதார நம்பித்தான் கேட்கிறார்கள். யார் மனுவை அவர் எடுத்துக்கொள்வார் என்பது அவளுக்குத் தெரியாது. தெரிந்த மாதிரி பீடத்தில் ஏறி அறிவிக்கவும் முடியாது. அந்த வேட்பாளருக்கு ஓட்டுப் போடுவதில் அவளுக்கு ஒரு சந்தேகமும் இல்லை. அது அவளுடைய முடிவு. தப்பாகிப்போனால் அந்தத் தப்பும் அவளுடையது. ஆனால் அவர் பீடத்தில் நின்று பேசினால், அவள் தப்புக்கும் சேர்த்து ஆண்டவர் கையெழுத்துப் போட்ட மாதிரி ஆகிவிடுமே.

புதன்கிழமை மூப்பர் வந்து படுத்ததும், ஊசி ஏற்றி, இயந்திரத்தை ஓடவிட்டு, ரத்த அழுத்தம் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னாள்.

“அண்ணே, அந்த விஷயத்துல என் மனசு மாறிடுச்சு. அவரைப் பீடத்துல பேசவைக்க வேண்டாம். குறைஞ்சது சபையைக் கூட்டி எல்லார்கிட்டயும் கேக்கணும்.”

மூப்பர் முதலில் அவள் வேடிக்கை பேசுகிறாள் என்றுதான் நினைத்தார். இல்லை என்று தெரிந்ததும் முகம் சிவந்துவிட்டது.

“உன் ஓட்டு யாருக்கு?”

“அவருக்குத்தான்.”

“பின்ன என்ன? அந்தச் சுவரு எத்தனை பேரு வேர்வைன்னு தெரியுமா உனக்கு? இடிக்கிறவன் வர்றப்ப வாயை மூடிக்கிட்டு இருக்கறதுக்குப் பேரு பக்தியா?” கையை ஓங்கிவிட்டார். ஊசி ஏறியிருந்த கை. குழாய் மடங்க, இயந்திரம் கீச்கீச்சென்று அலற ஆரம்பித்தது.

“கையை ஆட்டாதீங்க அண்ணே!” அவள் குழாயை நேராக்கி, அலறலை நிறுத்தினாள். மூப்பர் கையை அசைக்காமல் வைத்துக்கொண்டு, பல்லைக் கடித்தபடி சண்டையைத் தொடர்ந்தார்.

“ஊசியும் உன் கையில, மெஷினும் உன் கையில. நான் எப்படி வாதாடுறது? அடுத்த தடவை வேற நர்ஸைப் போடச் சொல்லு.”

அவளுக்குச் சுருக்கென்றது. “சரிண்ணே” என்று மட்டும் சொன்னாள்.

வெள்ளிக்கிழமை அவரை வேறொரு இளைய நர்ஸிடம் ஒப்படைத்தாள். அவர் நரம்பு பிடிபடக் கொஞ்சம் சிரமம். தன்னால்தான் முடியும் என்று அவளுக்கு உள்ளூர ஒரு நினைப்பு இருந்தது. திரைக்கு இந்தப் பக்கம் நின்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தாள். இளையவள் ஒரே குத்தில் ஏற்றிவிட்டாள். மூப்பர், “அட, வலிக்கவே இல்லையேம்மா!” என்று வேண்டுமென்றே சத்தமாகச் சொன்னார். அவளுக்கு ஏமாற்றமாக இருந்தது. ஏமாற்றம் அடைந்ததை நினைத்து வெட்கமாகவும் இருந்தது. ஒரு மனுஷனுக்கு வலிக்காமல் போனதில் தனக்கு என்ன நஷ்டம்? தனியாகப் போய்ச் சிரித்துக்கொண்டாள்.

அன்று மாலை போதகரின் வீட்டுக்குப் போனாள். அவர் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். அவள் சொன்னதைக் கேட்டுவிட்டு, “எனக்கும் மனசுக்குள்ள நெருடலாத்தான் இருந்துச்சு,” என்றார்.

“அப்ப ஏன் பாஸ்டர் அன்னைக்கே சொல்லலை?”

“எல்லாரும் தலையாட்டினீங்களே!”

“நீங்க ஒண்ணும் சொல்லலைன்னுதானே நான் ஆட்டினேன்!”

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். போதகருக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. கையில் இருந்த ஈரத் துண்டை உதறிக் கொடியில் போட்டுவிட்டு, “ஞாயிறு ஆராதனை முடிஞ்சதும் சபையைக் கூட்டிடுவோம்,” என்றார். அன்றே எல்லாருக்கும் செய்தியும் அனுப்பிவிட்டார்.

ஞாயிறு அன்று ஆராதனை முடிந்து யாரும் எழுந்து போகவில்லை. கதவோரம் நின்றவர்கள்கூட உள்ளே வந்து நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். போதகர் விஷயத்தைச் சொல்லிவிட்டு, மூப்பரை முதலில் பேசச் சொன்னார்.

மூப்பர் நன்றாகப் பேசினார். அவளே உள்ளுக்குள் ஒத்துக்கொண்டாள். “நாம ஞாயித்துக்கிழமை மட்டும் கிறிஸ்தவங்க இல்லை. ஓட்டுச்சாவடியிலயும் கிறிஸ்தவங்கதான். நாம பேசாம இருந்தா, அதுவும் யாரோ ஒருத்தனுக்குப் போட்ட ஓட்டுத்தான். இந்த ஆலயம் இருந்தாத்தானே இதுக்குள்ள ஆராதனை?” என்று முடித்தபோது பல பேர் கை தட்டினார்கள்.

அடுத்து அவள் எழுந்தாள். முன்னால் இருந்த பெஞ்சைப் பிடித்துக்கொண்டாள்.

“அண்ணன் சொன்னதுல பாதிக்கு மேல எனக்குச் சம்மதம். பேசாம இருக்கக் கூடாதுதான். நானும் அவருக்குத்தான் ஓட்டுப் போடப்போறேன்; என் வீட்டுக் கதவைப் பாத்தவங்களுக்குத் தெரியும். ஆனா கதவு என்னோடது. பீடம் என்னோடது இல்லை. அது அண்ணனோடதும் இல்லை, பாஸ்டரோடதும் இல்லை. அங்கிருந்து வர்ற பேச்சை நாம ஆண்டவரோட வார்த்தைன்னு கேட்டுப் பழகியிருக்கோம். அந்த இடத்துல ஒரு வேட்பாளரை நிறுத்தினா, மத்தவருக்கு ஓட்டுப் போடுறவங்க இங்க எங்க உக்காருவாங்க? எல்லா வேட்பாளரையும் சனிக்கிழமை நம்ம ஹாலுக்குக் கூப்பிடுவோம். ஊர்க்காரங்களையும் கூப்பிடுவோம். சுவரைப் பத்தி மூஞ்சிக்கு நேரா கேப்போம். பீடம் மட்டும் வேண்டாம்.”

யாரும் கை தட்டவில்லை. பின்வரிசையில் ஒரு குழந்தை அழுதது. பிறகு ஆர்கன் டீச்சர் உட்கார்ந்த இடத்திலிருந்தே சொன்னார்: “எங்க பக்கத்து ஆளைப் பீடத்துல ஏத்தினாலும் நான் வாசிக்க மாட்டேன். அதையும் சொல்லிடுறேன்.”

அந்தச் சபையில் எந்த முடிவானாலும், சம்மதமானவர்கள் ஆமென் சொல்லுங்கள் என்று கேட்பதுதான் வழக்கம். எல்லாரும் ஆமென் என்பார்கள், காரியம் முடிந்துவிடும். போதகரும் பழக்க தோஷத்தில், “சரி, சம்மதமானவங்க...” என்று ஆரம்பித்தார்.

“பாஸ்டர், கொஞ்சம் நிறுத்துங்க.” குறுக்கிட்டவர் மூப்பர். “ரெண்டு பேச்சு வந்தாச்சு. சபைச் சட்டப்படி சீட்டு எழுதித்தான் போடணும். ஆமென் சத்தத்துல ஜெயிச்சோம்னு நாளைக்கு யாரும் சொல்லக் கூடாது.”

தன் பக்கம்தான் சத்தம் அதிகம் என்று தெரிந்தும் அவர் அப்படிச் சொன்னார். அவள் திரும்பி அவரைப் பார்த்தாள். அவர் அவளைப் பார்க்கவில்லை.

சீட்டுகளைக் காணிக்கைப் பையில்தான் வாங்கினார்கள். வேறு பை இல்லை. எண்ணி முடித்துப் போதகர் அறிவித்தார்: பீடம் வேண்டாம் என்றவர்கள் சற்று அதிகம். மயிரிழைதான். யாரும் ஆரவாரம் செய்யவில்லை. ஆரவாரம் செய்வது நன்றாக இருக்காது என்று எல்லாருக்குமே தோன்றியிருக்க வேண்டும்.

“இப்ப வேட்பாளர்கிட்ட யார் சொல்றது?” என்று பொருளாளர் கேட்டார்.

“கூப்பிட்டவன் நான். நானே சொல்றேன்,” என்று மூப்பர் எழுந்து வெளியே போய்விட்டார்.

மறுநாள் டயாலிசிஸ் நாற்காலியில் படுத்துக்கொண்டுதான் அவர் போன் செய்தார். ஊசி ஏற்றியது இளைய நர்ஸ். மூத்தவள் அடுத்த நாற்காலியில் டாக்சி ஓட்டுநருக்கு ரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டிருந்தாள். காதைப் பொத்திக்கொள்ளவா முடியும்?

“வணக்கமுங்க... ஆமாங்க. ஒரு விஷயம். ஞாயித்துக்கிழமை பீடத்துல பேசுறது வேண்டாம்னு முடிவு பண்ணியிருக்கோம்... இல்லைங்க, யாரோ நாலு பேரு கிளப்பிவிட்டதில்லை. நாங்க முடிவு பண்ணோம். சபை கூடி முடிவு பண்ணோம்... நானா? நானும் சபையில ஒருத்தன்தானுங்க. சனிக்கிழமை எங்க ஹாலுக்கு எல்லா வேட்பாளரையும் கூப்பிடுறோம். நீங்க அவசியம் வரணும். வந்தா நான்தான் முதல் கேள்வி கேப்பேன், தயாரா வாங்க.”

அவர் ஒரு தடவைகூட ‘அவங்க முடிவு பண்ணாங்க’ என்று சொல்லவில்லை. கையில் பிடித்திருந்த மானியில் எண் எவ்வளவு என்பது அவளுக்கு மறந்துபோய், டாக்சிக்காரரின் கையில் மறுபடி காற்றடிக்க வேண்டியதாயிற்று.

“சிஸ்டர், கையைப் பிச்சு எடுத்துடாதீங்க,” என்றார் அவர்.

மூப்பர் போனை மடியில் வைத்துவிட்டு, கூரையைப் பார்த்தபடி சொன்னார்: “எனக்கு இதுல இன்னும் சம்மதம் இல்லை. அது உனக்குத் தெரியணும்.”

“தெரியும்ணே.”

“உன் பேச்சு நல்லா இருந்துச்சு. ஆனா கடைசில கொஞ்சம் வேகமா பேசிட்ட. அடுத்த தடவை நிறுத்திப் பேசு.”

“அடுத்த தடவையா? ஒரு தடவைக்கே எனக்குப் போதும்னு ஆயிடுச்சு.”

“கமிட்டின்னா சும்மான்னு நெனச்சியா?” என்றார் மூப்பர். இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது.

சனிக்கிழமை ஹால் நிரம்பி வழிந்தது. மூன்று வேட்பாளர்களில் இரண்டு பேர் வந்தார்கள். மூன்றாமவர் வருகிறேன் வருகிறேன் என்று சொல்லி வரவே இல்லை. இருவரையும் மேடை போடாமல், எல்லாரையும் போலப் பிளாஸ்டிக் நாற்காலியிலேயே உட்காரவைத்தார்கள். மூப்பர் சொன்னபடியே முதல் கேள்வியைத் தன் ஆளிடம் கேட்டார்: சுவரை எப்படிக் காப்பாற்றுவீர்கள்? வேட்பாளர் சுற்றி வளைத்தார். மூப்பர் விடவில்லை. அப்புறம் ஆர்கன் டீச்சர் எழுந்தார். தம்பி யாருக்காக வீடு வீடாக அலைகிறானோ அந்த ஆளையே பிடித்துக்கொண்டார். வகுப்பில் வீட்டுப்பாடம் கேட்பது போலக் கேள்வி மேல் கேள்வி. “ஆகட்டும் பார்க்கலாம்னா என்ன அர்த்தம்? எப்ப வந்து பாப்பீங்க?” வேட்பாளர் கைக்குட்டையை எடுத்து முகம் துடைத்துக்கொண்டார். ஜெயித்தாலும் தோற்றாலும், பொறியாளரை அழைத்துக்கொண்டு நேரில் வந்து பார்க்கிறேன் என்று அத்தனை பேர் முன்னால் வாயால் சொல்லவைத்த பிறகுதான் டீச்சர் உட்கார்ந்தார். வாசலில் நின்று வேடிக்கை பார்த்த டாக்சி ஓட்டுநர் விசிலடித்துவிட்டு, இது ஆலய வளாகம் என்பது நினைவுக்கு வந்து நாக்கைக் கடித்துக்கொண்டார்.

ஞாயிறு அன்று பீடத்தில் போதகர் மட்டும் நின்றார். பிரசங்கத்துக்கு முன், தேர்தலில் நிற்கும் மூன்று பேருடைய பெயரையும் சொல்லி ஜெபித்தார். தன் ஆளின் பெயருக்கு நர்ஸ் சத்தமாக ஆமென் சொன்னாள். அடுத்த பெயர் வந்தபோது வாய் வரவில்லை. ஆர்கன் பக்கமிருந்தும் முதல் பெயருக்கு ஆமென் வந்த மாதிரி தெரியவில்லை. ஆனால் அந்த அடுத்த வேட்பாளர் சனிக்கிழமை கைக்குட்டையால் முகம் துடைத்தது அவளுக்கு நினைவுக்கு வந்தது. பாவம், அவரும் பயந்துதானே இருந்தார். மெல்லிய குரலில் ஆமென் சொன்னாள். அப்புறம் திருவிருந்தின் அப்பமும் திராட்சை ரசமும் வாங்க எல்லாரும் வரிசையாக முழங்கால் போட்டார்கள். அவளுக்கு ஒரு பக்கம் மூப்பர், மறுபக்கம் அவளுக்குப் பழக்கமே இல்லாத ஒரு குடும்பம்.

தேர்தலில் அவளுடைய வேட்பாளர் தோற்றுப்போனார். அவள் அழவே அழுதாள். மூப்பர் இரண்டு நாள் யாரிடமும் பேசவில்லை. ஜெனரேட்டரில் டீசல் தீர்ந்துவிட்டது என்று சபையில் சொல்லிச் சிரித்தார்கள். கணவன்தான் கதவில் இருந்த நோட்டீஸை ஈரத்துணி வைத்துப் பக்குவமாக உரித்து எடுத்தான்.

ஜெயித்தவர், கைக்குட்டைக்காரர்தான், ஒரு நாள் காலையில் பொறியாளரோடு ஆலயத்துக்கு வந்து நின்றார். வர மாட்டார் என்றே எல்லாரும் நினைத்திருந்தார்கள். செய்தி கேட்டு, வேலைக்குப் போகிற வழியில் அவளும் ஓடினாள். மூப்பரும் ஆர்கன் டீச்சரும் அவளுக்கு முன்பே அங்கே இருந்தார்கள். பொறியாளர் அளவு டேப்பின் ஒரு முனையை மூப்பரிடமும் மறுமுனையை டீச்சரிடமும் கொடுத்துப் பிடிக்கச் சொல்லியிருந்தார்.

“எதிர்ப்பக்கம் காலி இடம் சும்மாத்தானே கிடக்கு? அந்தப் பக்கம் ரெண்டடி தள்ளிக்க முடியாதா?” என்று கேட்டார் மூப்பர்.

“பார்க்கணுங்க. முடியாதுன்னு சொல்லல,” என்றார் பொறியாளர்.

“டேப்பைத் தொய்ய விடாதீங்க டீச்சர்!”

“நான் நேராத்தான் பிடிச்சிருக்கேன். நீங்க கையை ஆட்டாம நில்லுங்க.”

ஜெயித்தவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். இவர்களில் யார் தனக்கு ஓட்டுப் போட்டவர் என்று அவருக்கு ஊகிக்க முடிந்ததோ என்னவோ. அவள் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, கீழே குனிந்து, டேப்பின் நடுப்பகுதியைத் தூக்கிப் பிடித்தாள்.